நீலக் குரங்கும் எங்கள் பாலர் பள்ளிப் பஸ்ஸும்

குருபோங், மலாக்கா
ஜூன் 16

அன்பு மகன் கோகுலராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அம்பாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அங்கே டப்ளினில் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம், நம்பத்தான் முடிகிறது, உன் குரலைக் கேட்டுப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டால் பதில் சொன்னதாக ஆகிவிடுமா. இந்தச் சேதியை ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ, சரிம்மா மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன் என்பாய், நான் பாதிக் கதையோடு அடுப்படியில் நிற்பேன். அதனால் ஒரு காப்பியைப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காகிதத்திலேயே எழுதுகிறேன், நீ குறுக்கே பேச முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் அம்மா ஜெயித்துவிட்டாள். எப்படி ஜெயித்தாள் என்பதற்குத்தான் இவ்வளவு பக்கம்.

அதற்கு முன் வீட்டுச் சேதி. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கிளினிக்கில் டாக்டர் நல்ல பேர் கொடுத்தார், அந்தச் சந்தோஷத்தில் வருகிற வழியிலேயே மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்து எனக்குப் பசியில்லை என்றார். டுரியான் துங்காலிலிருந்து குஞ்சம்மா அத்தை ஒரு மூட்டை டுரியான் கொடுத்துவிட்டாள், ஒரு பழத்தை இவர் தனியாகத் தின்றுவிட்டுத் தோலைப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறார். வாசனையை எங்கே போடுவார் மனுஷர், சட்டையிலேயே இருந்தது. கேட்டால் பூனை தின்றது என்கிறார். நம் வீட்டு கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தாயிற்று. நீ கேட்ட ஊறுகாயும் மிளகாய்த்தூளும் தனிப் பார்சலில் வருகின்றன, கசிந்தால் என்னைத் திட்டாதே, கட்டியது உன் அப்பா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளி உனக்குத் தெரியும், நம் தாமான் குடியிருப்பு அம்மன் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறை, இந்த வருஷம் இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாம் ஐந்து ஆறு வயசு. ஆனால் பின்னால் ஜம்பு மரத்தடியில் ஒரு கொட்டகை இருக்கிறது, அது நீ போன பிறகு வந்தது. மேலே ஜிங்க் கூரை, கீழே மண் தரை, அவ்வளவுதான். அதற்குள் பொம்மை என்று ஒன்றுகூடக் கிடையாது. அன்னதானத்தில் முதுகு வெடித்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒடுங்கிப்போன பெரிய சட்டி மூடி, என் பழைய சேலைகள், பால் டின்கள், துண்டு பைப்புகள், அப்பா ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த பலகைகள். பார்க்கிறவர்களுக்குக் குப்பைதான், நான் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குப்பையில்தான் போன வருஷப் பிள்ளைகள் ஒரு பஸ் விட்டார்கள். நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டால் பஸ், சட்டி மூடிதான் ஸ்டியரிங், ஜம்பு இலைதான் டிக்கெட். குருபோங்கில் புறப்பட்டு, பாச்சாங் போய், அங்கிருந்து மலாக்கா சென்ட்ரல் போய், அதற்குப் பிறகு யார் எங்கே கேட்கிறார்களோ அங்கே போகும். அங்க பஸ் போகாது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது, அது அவர்கள் போட்ட சட்டம், நான் போட்டதில்லை. நிலாவுக்குப் போயிருக்கிறது, கடலுக்கடியில் போயிருக்கிறது, ஒருத்தன் அவன் அம்மா வயிற்றுக்குள் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போகணும் என்றான், அங்கேயும் போய் எல்லோரும் கையாட்டிவிட்டு வந்தார்கள். பாச்சாங்கில் மட்டும் தினமும் டிராஃபிக் ஜேம். நான் ஒரு நாளும் அந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்ததில்லை, ஓரமாக உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போடுவேன். இந்த வருஷம் டிரைவர் அகல்யா, சின்ன உருவம், முன்பல் இரண்டும் இல்லை, குரல் மட்டும் லாரி ஹார்ன். அவள் அம்மா திலகாவை நீ பார்த்திருப்பாய், பின்வரிசை ஃபிளாட்டில் இருப்பவள், ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், புருஷன் லாரி ஓட்டி ஜொகூர் பக்கம் போனால் மூன்று நாள் வரமாட்டார்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் நம் கோயில் தலைவர் கணேசமூர்த்தி அண்ணன் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வசந்தன் என்று பேர், டுரியான் துங்கால் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினான், ஆனால் வாய்க்கு வாய் என்னை ஆன்ட்டி என்றான். பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்கிற ஏதோ கோலாலம்பூர் கம்பெனியாம், இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டேப்லெட் இலவசம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம், அதற்குள் ஜிம்பு என்று ஒரு நீலக் குரங்கு தமிழிலேயே அ ஆ சொல்லிக் கொடுக்கும். பொய் சொல்ல மாட்டேன் கோகுல், நானும் பல்லைக் காட்டினேன். இத்தனை வருஷம் நம் பிள்ளைகளுக்கு யார் என்ன தூக்கிக் கொடுத்தார்கள் என்று உன் அப்பாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு ஃபாரம் இருந்தது, பிள்ளை பெயர், பிறந்த நாள், படம் எடுக்க அனுமதி என்று. இருபத்திரண்டையும் நானே உட்கார்ந்து அழகாக அச்செழுத்தில் நிரப்பி, கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன். உன் அம்மாவின் புத்திசாலித்தனம் அப்படி.

நம் கோயில் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, மண்டபத்துக்குள் ஒரு ஃபேன் வந்தால்கூட முதலில் அம்பாள் முன்னால் வைத்து அர்ச்சனை பண்ணி, சந்தனம் குங்குமம் வைத்து, உபயகாரர் பெயரை இறக்கையில் எழுதி அப்புறம்தான் மாட்டுவார்கள். அதே போல் அந்தப் பெட்டிகளையும் அடுக்கிவைத்தார்கள். ஐயர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வசந்தனிடம், பேர் ராசி நட்சத்திரம் சொல்லுங்க தம்பி என்றார். அவன் கம்பெனி பெயரைச் சொன்னான். நட்சத்திரம், என்றார் ஐயர் மறுபடியும். பாவம், அவன் ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் சிரித்ததில் கணேசமூர்த்தி அண்ணனுக்கு வெட்கமாகி, கம்பெனிக்கு ஏது ஐயரே நட்சத்திரம், சாமி பேருக்கே பண்ணிடுங்க என்று சொல்லிவிட்டார். அப்படியே அம்பாள் பெயருக்கே அர்ச்சனை ஆயிற்று. டேப்லெட் பெட்டிகளுக்கு மாலை போட்டார்கள், நான் குலவை கூட விட்டேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது, பிள்ளைகளுக்கு எழுத்து சீக்கிரம் வந்தது, அதை இல்லையென்று சொல்வது பாவம். ஆனால் கொட்டகையில் என்னவோ மாறிப்போனது. முதலில் பஸ் ஜிம்பு பஸ் ஆனது, சரி என்று விட்டேன். பிறகு ஜிம்புவின் வீட்டுக்கு மட்டும்தான் போகும் என்றார்கள். பிறகு பஸ்ஸே இல்லை, நாற்காலிகளில் உட்கார்ந்து, நேற்று ஜிம்பு என்ன செய்தது, உனக்கு எத்தனை ஸ்டார், எனக்கு எத்தனை ஸ்டார் என்று அதே பேச்சு. ஒரு நாள் மனசு கேட்காமல் சட்டி மூடியை எடுத்து அகல்யாவின் கையில் கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இத எங்க அமுக்கணும் டீச்சர் என்று கேட்டாள். நிலாவுக்கு பஸ் ஓட்டிய பிள்ளை அவள், கோகுல்.

ஏப்ரலில் அவளுக்குப் பிறந்த நாள் வந்தது. எப்போதும் நாங்கள் கேசரி கிண்டி, பிறந்த நாள் பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் வைத்து ஆட்டுவோம். அன்றைக்குத் தொட்டில் கட்டுவதற்குள் டேப்லெட்டுக்குள் இருந்து அந்தக் குரங்கு, அகல்யா, இன்னைக்கு உன் பொறந்தநாள், உன் பெஸ்ட் ஃபிரண்டு ஜிம்பு பேக் இன்னும் வாங்கலியா, அம்மாகிட்ட சொல்லு என்றது. பேர் சொல்லிக் கூப்பிட்டது. சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள், அவள் பூரித்துப்போய்த் தொட்டிலில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். அந்த வாரமே அழுது அழுது திலகாவை பேக் வாங்க வைத்தாள், அடுத்து அதே குரங்கு போட்ட தண்ணீர்ப் புட்டி, அதற்கடுத்து காலுக்குச் சப்பாத்து. நான் உன்னிடம் இதை ஃபோனில் சொன்னபோது நீ ஒன்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா, அம்மா, சும்மா குடுக்கிறவன் எதுக்கு பிள்ளைங்க பொறந்தநாள கேக்குறான் என்று. அந்தக் குரங்குக்கு அவள் பிறந்த நாளைச் சொல்லிக் கொடுத்தது நான்தானே. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம்.

கோபத்தை எங்கே காட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மே மாதம் வசந்தன் ஒரு கலர் படத்தைக் கொண்டுவந்து விரித்தான். கொட்டகையைப் பிரித்துவிட்டு, தரைக்கு சிமென்ட் போட்டு, ஜிம்பு கார்னர் என்று ஒரு பிளாஸ்டிக் வீடு, அதில் நாலு பக்கமும் டிவித் திரை, பிள்ளைகள் விளையாடுவதைப் படம் எடுத்து விளம்பரத்துக்குப் போடுவார்களாம். ஸ்கூல் லீவு முடிகிற திங்கட்கிழமை லாரி வரும், பழைய சாமான்களையும் அவர்களே அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம், எவ்வளவு பெரிய மனசு பார். நான் கூடாது என்றேன். கணேசமூர்த்தி அண்ணன், என்னா டீச்சர், உங்க குப்பைய எடுத்துட்டுப் புதுசா போட்டுத் தர்றாங்க, அதுக்குப் போயி மூஞ்சத் தூக்குறீங்களே என்றார். நானும் விடவில்லை, குப்பைன்னு சொல்லாதீங்க அண்ணே, அது பஸ்ஸு என்றேன். கூட நின்ற உன் அப்பாவை அவர் ஒரு பார்வை பார்த்தார், உங்க வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்கிற மாதிரி. பெற்றோர் எல்லாம் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி டீச்சர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று வசந்தன் மெதுவாகச் சொன்னான். சரி, பெற்றோரையே கேட்போம், லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை பூஜைக்குப் பிறகு கூட்டம் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் பயம்தான். லாரி வந்துவிட்டால் அப்புறம் கொட்டகையும் இல்லை, பஸ்ஸும் இல்லை, அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததென்றே தெரியாமல் போகும்.

முதலில் திலகா வீட்டுக்குப் போனேன், அவள் சரியென்றால் மற்றவர்களும் சரியென்பார்கள் என்று கணக்குப் போட்டேன். நான் நாலு நிமிஷம் பேசினேன், அவள் நாலு வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டாள். டீச்சர், நீங்க நாலு மணி நேரம் பாத்துக்கிறீங்க, அதுல நான் குளிச்சு சமைச்சு துணி காயப்போட்டா முடிஞ்சுபோச்சு, பன்னெண்டு மணிக்கு அவ வந்தா நான் எப்பத் தூங்குறது, அந்தக் கொரங்குதான் டீச்சர் என்னைத் தூங்க வைக்குது, நீங்க வந்து தூங்க வைப்பீங்களா என்றாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய் நின்றாள். வீட்டுக்கு வந்து அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். உன் அப்பா, எப்போதும் பேப்பருக்குப் பின்னால் இருக்கிற மனுஷர், அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அந்தப் புள்ள கேட்டதுல என்ன தப்பு, டேப்லெட் வேணாம்னு சொல்றியே, அவ தூங்குறதுக்கு ஒரு வழி சொல்லிட்டுச் சொல்லேன் என்றார். கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் சொன்ன நல்ல யோசனைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதில் இது ஒன்று.

அன்றைக்கே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன், லீவு முழுக்கக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை கொட்டகை திறந்திருக்கும், நானும் வேலாயி அக்காவும் இருப்போம், பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டில் போய்த் தூங்குங்கள், சாப்பாடும் உண்டு, டேப்லெட் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று. வேலாயி அக்கா எங்கள் பள்ளியில் சமைக்கிறவர், என்னைக் கேக்காமயே என் பேரப் போட்டுட்டியா என்று கேட்டுவிட்டு மீகூன் நூடுல்ஸ் பிரட்ட வந்துவிட்டார். பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். முதல் மூன்று நாள் இருக்கிறதே, அம்மாடி, சொல்லி மாளாது. போரிங் டீச்சர், போரிங் டீச்சர் என்று சேலையைப் பிடித்து இழுத்தார்கள், அடித்துக்கொண்டார்கள், அழுதார்கள், அகல்யா குரங்கு பேக்கைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தடவை நானே எழுந்துபோய் வாங்க பஸ் விளையாடலாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் சொல்லி விளையாடினால் அப்புறம் எனக்கும் அந்தக் குரங்குக்கும் என்ன வித்தியாசம். வேலாயி அக்கா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, என்னா பாக்கியலட்சுமி, சாவு வீடு மாதிரி இருக்கு என்றுவிட்டுப் போனார். எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

நாலாம் நாள் நல்ல மழை. ஜிங்க் கூரையில் ஓர் ஓட்டை, சொட்டுச் சொட்டென்று தண்ணீர் உள்ளே விழுந்தது. ஒரு பையன் பால் டின்னைக் கொண்டுபோய் அதற்குக் கீழே வைத்தான், டங் டங்கென்று சத்தம் வந்தது, இன்னொருத்தி இன்னொரு டின் வைத்தாள். டின் நிரம்பி வழிந்தது. வாசல் பக்கம் மண் தரையில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. திடீரென்று யாரோ, பஸ்ஸு முழுகுது லா, எல்லாரும் ஏறுங்க ஏறுங்க என்று கத்தினார்கள். அவ்வளவுதான், பதினைந்து பிள்ளைகளும் நாற்காலி மேல். எவனோ ஒருத்தன் சட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு திணறுகிறான், பஸ் பக்கவாட்டில் போகிறதாம், முதலை வருகிறதாம். மூலையில் இருந்து அகல்யா எழுந்தாள். தள்ளு, ஒனக்கு ஓட்டத் தெரியாது, தண்ணியில வேற கியர் என்று சொல்லி அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். தண்ணியில வேற கியர், கேட்டாயா. அந்த பேக்கைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, அதன் குரங்கு மூஞ்சியில் ஓர் ஈர ஜம்பு இலையை ஒட்டி, டிக்கெட் குடுத்தாச்சு, பேசாம வரணும் என்று அதட்டினாள். நான் அட்டை போடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன், கண்ணீர் புத்தகத்தில் விழுந்து ஓர் அட்டை வீணாய்ப் போயிற்று. அன்றிலிருந்து லீவு முடிகிற வரைக்கும் அந்த பஸ் நிற்கவே இல்லை, இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகச் சொன்னால் பாதி வழியில் எப்படி இறங்குவது என்று சண்டை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மண்டபம் நிறைந்துவிட்டது, வசந்தன் ஃபைலோடு முன்வரிசையில். கணேசமூர்த்தி அண்ணன் எழுந்து, கொடுக்கிறவங்க மனசு கோணக் கூடாது, அவங்க கண்டிஷனுக்கு நாம கட்டுப்பட்டவங்க என்று ஆரம்பித்தார். நான் எழுந்தேன். அண்ணே, அந்தப் பெட்டிகளுக்கு யார் பேருல அர்ச்சனை பண்ணோம் என்று கேட்டேன். சாமி பேருக்கு என்றார். நீங்கதானே சொன்னீங்க என்றேன். ஆமா. அப்ப அது அம்பாளோட பொருள், இருபத்தஞ்சு வருஷமா இந்த மண்டபத்துல அம்பாள் முன்னால வச்ச எந்தப் பொருளுக்காவது உபயகாரர் கண்டிஷன் போட்டதுண்டா, போன வருஷம் ஃபேன் குடுத்த கடைக்காரர் பேரோட ஃபோன் நம்பரையும் எழுதினாருன்னு நீங்களே ஏணி போட்டு ஏறி அழிச்சீங்களே, அதுக்கு ஒரு ஞாயம் இதுக்கு ஒரு ஞாயமா, அம்பாள் எந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா, காட்டுங்க பாப்போம் என்றேன். மண்டபமே சிரித்தது. ஐயர் கருவறைப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கணேசமூர்த்தி அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆனால் வசந்தன் விவரமான பிள்ளை. அம்பாள் போடல ஆன்ட்டி, பேரன்ட்ஸ் போட்டிருக்காங்க என்று ஃபைலைத் திறந்து காட்டினான். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் சொன்னது சரிதானே.

அப்போதுதான் திலகா எழுந்தாள். போச்சு, இவள் பேசினால் எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வசந்தனைப் பார்த்துத்தான் பேசினாள். தம்பி, நேத்து மத்தியானம் எனக்குக் கண்ணெல்லாம் எரிச்சல், இவகிட்ட டேப்லெட்ட நீட்டுறேன், வேணாங்குறா. வீட்டுல ரெண்டு நாற்காலியப் போட்டு, என் சட்டி மூடியப் பிடிச்சிக்கிட்டு, எங்கம்மா போகணும்னு கேட்டா. தூங்கணும்டின்னு எரிஞ்சு விழுந்தேன். அங்க பஸ் போகும், ஏறும்மான்னா. ஏறி உக்காந்தேன் தம்பி. தலையச் சாய்ச்சதுதான் தெரியும். முழிச்சுப் பாத்தா மணி மூணரை. ஒன்னரை மணி நேரம். இவ இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கா, சத்தமில்லாம, அந்தக் கொரங்கு பேக்கப் பின்னால வச்சு, உஷ், அம்மா தூங்குறாங்கன்னு வெரல வாயில வச்சிருக்கா. நான் முழிச்சதப் பாத்துட்டு, இன்னும் வரல, தூங்கும்மாங்குறா. ஒங்க கொரங்கு எம்புள்ள பேரச் சொல்லி பேக் கேட்டுச்சு, எங்க போகணும்னு என்னை ஒரு நாளும் கேட்டதில்ல, என் ஃபாரத்தக் குடுங்க என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

அவன் கொடுத்தான். அவளுக்குப் பின்னால் ஒருவர் எழுந்தார், அப்புறம் இன்னொருவர், அப்புறம் வரிசையே நின்றுவிட்டது, பிரசாதத்துக்கு நிற்கிற மாதிரி. இருபத்திரண்டு ஃபாரமும் திரும்பி வந்துவிட்டன கோகுல், ஒன்று பாக்கியில்லை. வசந்தன் காலி ஃபைலை வைத்துக்கொண்டு, ஆன்ட்டி, பாஸ்கிட்ட நான் என்னான்னு சொல்றது என்றான். பாவமாகத்தான் இருந்தது, அவன் என்ன செய்வான், அவனுக்கும் மாதச் சம்பளம். எனக்கு நட்சத்திரம் தெரியலன்னு சொல்லு தம்பி என்று வேலாயி அக்கா பின்னாலிருந்து குரல் கொடுத்தார், அவனே சிரித்துவிட்டான். போகும்போது முதல் தடவையாக என்னை டீச்சர் என்று கூப்பிட்டுப் போனான். அவன் கம்பெனிக்காரர்கள் கோயிலில் இருந்து பொருளைத் திரும்ப எடுக்க விரும்பவில்லை என்று சொல்லிவிட்டார்கள், குரங்கை அழித்துவிட்டுச் சனிக்கிழமை டியூஷன் படிக்கிற பெரிய பிள்ளைகளுக்கு அந்த டேப்லெட்டுகள் போய்விட்டன, அவர்களுக்கு அது உபயோகம்தான். லாரி வரவில்லை. கணேசமூர்த்தி அண்ணன் இப்போது கோயிலுக்கு யார் வந்தாலும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், நம்ம பிள்ளைங்க பஸ்ஸப் பாத்தீங்களா, நம்ம ஏற்பாடுதான் என்கிறார். போகட்டும், ஓட்டையை அடைக்க அவரே ஆள் அனுப்பியிருக்கிறார். திலகாவைப் பார்த்து மற்ற அம்மாமார்களும் முறைபோட்டுக்கொண்டு, தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை இரண்டு பேர் கொட்டகையில் இருக்கிறார்கள், மற்றவர்கள் தூங்குகிறார்கள். அதுவும் எங்கள் ஜெயம்தான்.

உன்னிடம் ஒரே ஒரு புத்திமதி, கோபித்துக்கொள்ளாதே. நீயும் கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்கிற ஆபீஸில்தான் இருக்கிறாய். அங்கே என்றைக்காவது யாராவது ஒரு சின்னப் பிள்ளையின் பிறந்த நாளைக் கேட்கிற மாதிரி ஒன்றைச் செய்யச் சொன்னால், என்னிடம் கேட்டாயே, அதே கேள்வியை அங்கேயும் எழுந்து நின்று கேள். வேலை போய்விடுமோ என்று பயப்படாதே, போனால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. அப்பா உன்னிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்கச் சொன்னார், அதாவது அவருக்கு அந்த ஊர் சாக்லேட் வேண்டும், அனுப்பாதே.

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை கொட்டகையில் பஸ் புறப்படுகிற நேரம், எனக்கும் ஆசையாக இருந்தது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்றேன். எங்க போகணும் டீச்சர் என்றாள் அகல்யா, ஸ்டியரிங்கை விடாமல். டப்ளின் போகணும், என் மகன் அங்கதான் இருக்கான் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், திரும்பி பஸ்ஸைப் பார்த்தாள், நின்றுகொண்டுகூட ஆள் இருந்தது. டப்ளின் போகும் டீச்சர், ஆனா சீட்டு இல்ல, நீங்க அடுத்த பஸ்ஸுல வாங்க என்று சொல்லிவிட்டு, எல்லாரும் கெட்டியாப் பிடிச்சிக்குங்க லா என்று எடுத்துவிட்டாள். ஒருத்தராவது டீச்சருக்கு இடம் கொடுக்க எழுந்தார்களா, இல்லை. என்னை அங்கேயே மரத்தடியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன் எங்கே அமுக்கணும் என்று என்னைக் கேட்ட பிள்ளை அது. நான் அங்கேயே நின்று சிரித்தேன், என்னால் அடக்க முடியவில்லை.

நம் குலதெய்வமும் அம்பாளும் உன் கூடவே நிற்கட்டும், நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நீண்ட ஆயுசோடு இரு. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடு, கட்டைவிரல் வேண்டாம், குரல் வேண்டும். இன்னொன்று, மறந்துவிடாதே, இருபத்திரண்டு பேர் சட்டி மூடியைத் திருப்பிக்கொண்டு உன் ஊருக்குப் புறப்பட்டிருக்கிறார்கள், பாச்சாங் ஜேம் தாண்டிவிட்டால் நேராக உன் வீட்டுக்குத்தான் வருவார்கள், கதவைத் திறந்து வை.

இப்படிக்கு,
உன் மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா,
பாக்கியலட்சுமி